சேப்பாக்கத்தில் 90, ரன் அவுட்: எவர்டன் வீக்ஸ் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

வணக்கம். போன பதிவுக்குக் கீழ வந்த கேள்விகள்ல ஒண்ணு ஒரு வாரமா என்கூடவே சுத்திக்கிட்டு இருக்கு. இன்னைக்கு முழுக்க அதுக்கு மட்டும்தான் பதில். மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

மதுரையிலேருந்து ஒரு நேயர் எழுதியிருக்காரு. படிக்கிறேன். "ஐயா, 1949-ல நம்ம சேப்பாக்கத்துல எவர்டன் வீக்ஸ் 90 ரன்ல ரன் அவுட் ஆனாரு. அது அவுட்டே இல்லைன்னு எங்க தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரு. நிஜமா? அன்னைக்கு அவரு நின்னிருந்தா வரிசையா ஆறு சதம் ஆகியிருக்குமா? அப்புறம், அவரு இந்தியாகிட்ட மட்டும்தான் அடிச்சாருன்னு என் நண்பன் சொல்றான். அதுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

மூணு கேள்வி. மூணுமே நல்ல கேள்வி. நேரா வீக்ஸுக்கு வருவோம், டெஸ்ட்ல வரிசையா அஞ்சு இன்னிங்ஸ்ல அஞ்சு சதம் அடிச்ச வெஸ்ட் இண்டீஸ் பேட்ஸ்மேன்.

முதல்ல கணக்கை நேர் பண்ணிக்குவோம். அந்த அஞ்சு சதமும் இந்தியாவுல அடிச்சதுன்னு நிறையப் பேரு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இந்தியாவுல அடிச்சது நாலு. முதல் சதம் ஜமைக்காவுல, கிங்ஸ்டன் சபைனா பார்க் மைதானத்துல, 1948 மார்ச் கடைசியில ஆரம்பிச்ச டெஸ்ட்ல, இங்கிலாந்துக்கு எதிரா: 141. அதுக்கப்புறம் ஏழு மாசம் டெஸ்ட் கிடையாது. நவம்பர்ல டெல்லி, 128. டிசம்பர்ல பம்பாய் பிரபோர்ன், 194. வருஷம் மாறுற வாரத்துல கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், முதல் இன்னிங்ஸ்ல 162, ரெண்டாவது இன்னிங்ஸ்ல 101. அடுத்து 1949 ஜனவரி 27-ம் தேதி சேப்பாக்கம். அங்கதான் 90. அதுக்கடுத்து மறுபடி பம்பாய், 56, 48. இந்தியாவுல மட்டும் ஏழு இன்னிங்ஸ், 779 ரன், சராசரி 111.28. இத்தனைக்கும் வெஸ்ட் இண்டீஸோட இன்னொரு பெரிய பேட்ஸ்மேன் ஃபிராங்க் வோரல் அந்தச் சுற்றுப்பயணத்துல இல்ல. வோரல் இல்லாத குறை தெரியாம ஆடினாருன்னு சொன்னா, அது எவ்வளவு பெரிய பாராட்டுன்னு நம்ம பழைய நேயர்களுக்குத் தெரியும்.

சேப்பாக்கம் டெஸ்ட்ல என்ன நடந்துச்சுன்னா, ஆலன் ரே 109, ஜெஃப் ஸ்டால்மேயர் 160. ரெண்டு பேரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 239. அவ்வளவு பெரிய தொடக்கத்துக்கு அப்புறம் வர்ற ஆட்டக்காரருக்கு அவசரமே கிடையாது. வீக்ஸ் நிதானமா 90 வந்துட்டாரு. வெஸ்ட் இண்டீஸ் மொத்தம் 582. இந்தியா 245, 144. இன்னிங்ஸ் மற்றும் 193 ரன் வித்தியாசத்துல தோல்வி. அந்தத் தொடர்ல முடிவு கிடைச்ச ஒரே ஆட்டம் இதுதான், மத்த நாலும் டிரா. அந்த இன்னிங்ஸ்ல நம்ம தத்து பட்கர் 159 ரன் குடுத்து 7 விக்கெட் எடுத்தாரு. ஆனா வீக்ஸ் விக்கெட் எந்த பவுலர் கணக்குலயும் கிடையாது. ஸ்கோர் கார்டுல "ரன் அவுட், 90". அவ்வளவுதான்.

இப்ப தாத்தா விஷயம். அந்தத் தீர்ப்பு சந்தேகத்துக்கு இடமானதுன்னு வீக்ஸ் பத்தி எழுதின பலரும் பதிவு பண்ணியிருக்காங்க. அதனால உங்க தாத்தா சொன்னது வீட்டுத் திண்ணையில பொறந்த கதை இல்ல. அவரு மட்டும் பட்ட வருத்தமும் இல்ல. ஆனா அம்பயர் வேணும்னு செஞ்சாருன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி, ஸ்டம்புக்கு ஸ்டம்பு. ரெண்டு பக்கமும் கிரீஸ் ஸ்டம்புலேருந்து 4 அடி தள்ளி. ஆக பேட்ஸ்மேன் ஓட வேண்டியது கிரீஸுக்குக் கிரீஸ் 58 அடி. நல்லா ஓடுறவருக்கு மூணு விநாடி, சொச்சம். அந்த மூணு விநாடியோட கடைசித் துளியில அம்பயர் ரெண்டு விஷயத்தை ஒரே கண்ணால பாக்கணும். பெயில்ஸ் எப்ப கிளம்புச்சு, மட்டை எங்க இருந்துச்சு. மட்டை கோட்டுமேல இருந்தா போதாது, கோட்டைத் தாண்டித் தரையில பட்டிருக்கணும். இதை ஒழுங்காப் பாக்கணும்னா அம்பயர் கிரீஸுக்கு நேர் பக்கவாட்டுல நிக்கணும். பவுலர் பக்கம் நிக்கிற அம்பயர் ஸ்டம்புக்குப் பின்னாடிதான் இருப்பாரு. பந்து போன திசையைப் பாத்து அவரு விலகி ஓடி அந்தப் பக்கவாட்டுக் கோணத்துக்கு வரணும். ரெண்டு அடி குறைஞ்சாலும் பார்வை சாய்ஞ்சுடும். சாய்ஞ்ச பார்வைக்கு உள்ள வந்த மட்டை வெளிய இருக்கிற மாதிரி தெரியும், வெளிய இருக்கிற மட்டை உள்ள வந்த மாதிரியும் தெரியும். குறுக்க ஒரு ஃபீல்டரோ பவுலரோ வந்து நின்னா அதுவும் போச்சு. ரன் அவுட்ல தப்பு நடக்கிறது எல்லாம் இந்தக் கோணத்துலதான். மறுபடி போட்டுப் பாக்கிற வசதி டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு எப்ப வந்துச்சு? 1992 நவம்பர், டர்பன். டி.வி. பாத்து மூணாவது அம்பயர் அவுட் குடுத்த முதல் பேட்ஸ்மேன் நம்ம சச்சின் டெண்டுல்கர். அதுவும் ரன் அவுட்டேதான். வீக்ஸுக்கும் அதுக்கும் நடுவுல 43 வருஷம்.

ரெண்டாவது கேள்வி, ஆறு ஆகியிருக்குமா? 10 ரன் சேர்த்திருந்தா ஆறு. ஏழு ஆகியிருக்காது, ஏன்னா அடுத்த இன்னிங்ஸ்ல 56. ஆனா அந்த 56-ஐ யாரும் சாதாரணமா தாண்டிப் போயிடாதீங்க. 141, 128, 194, 162, 101, 90, 56. வரிசையா ஏழு இன்னிங்ஸ் அம்பதுக்கு மேல. அதைப் பின்னாடி வந்த சிலர் சமன் பண்ணினாங்க. வரிசையா அஞ்சு சதத்தை இதுவரைக்கும் யாரும் தொடல. இன்னொண்ணு, அந்த 56 அடிச்ச இன்னிங்ஸ் அவரோட டெஸ்ட் வாழ்க்கையில 12-வது இன்னிங்ஸ். அதுலதான் 1000 ரன்னைத் தாண்டினாரு. நீங்களே கூட்டிப் பாருங்க: இங்கிலாந்து தொடர்ல ஆறு இன்னிங்ஸ்ல 293, இந்தியாவுல முதல் அஞ்சுல 675, ஆகமொத்தம் 968. அதோட 56. 1000 ரன்னுக்கு இங்கிலாந்தோட ஹெர்பர்ட் சட்கிளிஃபும் 12 இன்னிங்ஸ்தான். பிராட்மனுக்கு 13 தேவைப்பட்டுச்சு.

வரிசையா நாலு சதம் வரைக்கும் வந்தவங்க மூணு பேரு. ஆஸ்திரேலியாவோட ஜாக் ஃபிங்கிள்டன், தென்னாப்பிரிக்காவோட ஆலன் மெல்வில், நம்ம ராகுல் திராவிட். மெல்வில் கதை ரொம்ப விசேஷம், நடுவுல ஒரு உலகப் போரே வந்துட்டுப் போச்சு. ஆனா நான் திராவிட் பத்திச் சொல்லணும். 2002-ல இங்கிலாந்துல 115, 148, 217. திரும்பி வந்து மும்பையில வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா 100. அஞ்சாவதுக்காக அடுத்த டெஸ்ட் எங்க? சேப்பாக்கம். எதிரணி வெஸ்ட் இண்டீஸ். அங்கேயே அந்த வரிசை நின்னுபோச்சு. வீக்ஸோட வரிசையை நிறுத்தின அதே மைதானம், 53 வருஷம் கழிச்சு, வீக்ஸை எட்டிப் பிடிக்க வந்தவரையும் நிறுத்தியிருக்கு. இதை நினைக்கிறப்பல்லாம் எனக்குச் சிலிர்க்கும். மதுரை நேயரே, தாத்தாகிட்ட இதைக் கட்டாயம் சொல்லுங்க.

மூணாவது, உங்க நண்பர் கேள்வி. அவரு சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதை மறைக்க வேண்டாம். இந்தியாவுக்கு எதிரா ரெண்டு தொடர். 1948-49-ல 779, 1952-53-ல அவங்க ஊர்ல 716. மொத்தம் 1495 ரன், ஏழு சதம், சராசரி 106 சொச்சம். வீக்ஸோட மொத்தக் கணக்கு 48 டெஸ்ட், 4455 ரன், 15 சதம், சராசரி 58.61. இந்தியாவைக் கழிச்சுட்டா சராசரி 47.7 வருது. இறங்குது, ஆமா. ஆனா கழிச்ச பிறகும் எட்டு சதம் பாக்கி இருக்கு. அதுல 1950 டிரெண்ட் பிரிட்ஜ்ல வோரல்கூட 283 ரன் சேர்த்தப்போ அடிச்ச 129 இருக்கு. 1954 போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல 206 இருக்கு, அதுவும் வோரல்கூட, மூணாவது விக்கெட்டுக்கு 338. 1956-ல நியூசிலாந்துல 123, 103, 156-ன்னு மறுபடி வரிசையா மூணு சதம் இருக்கு. ஹனீஃப் முகமது 337 அடிச்ச அந்த பிரிட்ஜ்டவுன் டெஸ்ட்ல வீக்ஸ் அடிச்ச 197 இருக்கு.

ஆஸ்திரேலியாவுலதான் அடி வாங்கினாரு. 1951-52-ல லிண்ட்வால், மில்லர் வேகம். இவருக்குத் தொடைத் தசையில காயம். 245 ரன், சராசரி 24.50. ஆனா அதே லிண்ட்வாலும் மில்லரும் 1955-ல கரீபியனுக்கு வந்தப்போ 469 ரன், சராசரி 58.62. காயத்தோட ஆடினப்போ ஒரு கணக்கு, காயம் ஆறினப்போ இன்னொரு கணக்கு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நண்பர்கிட்ட காட்டுங்க.

இந்திய பந்துவீச்சு சும்மா இருந்துச்சுன்னும் சொல்லிட முடியாது. டெல்லி டெஸ்ட்ல நம்ம மெட்ராஸ்காரர் சி.ஆர். ரங்காச்சாரி 107 ரன் குடுத்து 5 விக்கெட் எடுத்தாரு. அந்த இன்னிங்ஸ்ல எதிரணி 631. வால்காட் 152, கோமஸ் 101, வீக்ஸ் 128, கிறிஸ்டியானி 107. நாலு பேரு சதம் போட்ட இன்னிங்ஸ்ல அஞ்சு விக்கெட் எடுக்கிறதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! ரங்காச்சாரி பத்தித் தனியா ஒரு நாள் பேசணும்.

சரி, கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன். இப்ப எனக்கு ஒரு ஆசை. அந்த வரிசையில கடைசியா விட்டுப்போன சதத்தைப் பத்திக் கேட்டீங்க. முதல் சதம், அந்த 141, அது எப்படி வந்துச்சுன்னு கேட்டிருக்கணும். அது வந்திருக்கவே கூடாத சதம்.

1948-ல இங்கிலாந்து கரீபியன் வந்தப்போ வீக்ஸ் அறிமுகம். வயசு 22. முதல் மூணு டெஸ்ட்ல 35, 25, 36, 20, 36. எல்லாத்துலயும் தொடங்கிட்டாரு, எதையும் முடிக்கல. நாலாவது டெஸ்ட் அணியிலேருந்து அவரை நீக்கிட்டாங்க. அப்புறம் அணியோட பெரிய பேட்ஸ்மேன் ஜார்ஜ் ஹெட்லிக்குக் காயம். அவசரமா வீக்ஸைத் திரும்பக் கூப்பிட்டாங்க. விமானம் தாமதம், ஆட்டம் ஆரம்பிச்ச பிறகுதான் சபைனா பார்க்குக்கு வந்து சேர்ந்தாரு. ஜமைக்காக் கூட்டத்துக்கு அவங்க ஊர்ப் பையன் ஜான் ஹோல்ட் ஆடணும்னு ஆசை. வீக்ஸ் உள்ள வந்ததும் கத்தித் தீர்த்தாங்க. மட்டையோட வந்தாரு. இன்னும் ஒரு ரன் கூட எடுக்கல, ஒரு கேட்ச் போச்சு, காட்ஃப்ரே எவன்ஸ் கைக்கு. எவன்ஸ் அந்தக் காலத்துல உலகத்துலயே நல்ல விக்கெட் கீப்பர்கள்ல ஒருத்தர். அவரு அதை விட்டுட்டாரு. அப்புறம் 141. கத்தின அதே கூட்டம் அவரைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போச்சு.

யோசிங்க. ஹெட்லிக்கு அடிபடலன்னா அந்த டெஸ்ட் கிடையாது. எவன்ஸ் பிடிச்சிருந்தா பூஜ்யம். அடுத்து இந்தியா வர்ற அணியிலயே இடம் கிடைச்சிருக்குமா? அதிர்ஷ்டத்துல ஆரம்பிச்ச வரிசை துரதிர்ஷ்டத்துல முடிஞ்சுது. சேப்பாக்கத்துல போன 10 ரன்னை வெச்சு வருத்தப்படுறவங்க சபைனா பார்க்ல நழுவின கேட்சையும் தராசோட இன்னொரு தட்டுல வெக்கணும்.

இதுக்கும் முன்னாடி போவோம். நான் இங்க எத்தனையோ தடவை சொன்னதுதான், மறுபடியும் சொல்றேன். வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர் யாரைப் பத்திப் பேசினாலும், முதல்ல அவரு எந்த வாசல் வழியா உள்ள வந்தாருன்னு பாருங்க. ரன், சராசரி எல்லாம் அதுக்கப்புறம்.

மூணு டபிள்யூ: வோரல், வீக்ஸ், வால்காட். 1924 ஆகஸ்ட், 1925 பிப்ரவரி, 1926 ஜனவரி. ஒன்றரை வருஷத்துக்குள்ள, பார்படாஸ்ல கென்சிங்டன் ஓவல் மைதானத்துக்குப் பக்கத்துப் பக்கத்துலயே பொறந்த மூணு குழந்தைங்க. மூணு பேரையும் கையில ஏந்தினது ஒரே மருத்துவச்சின்னு கூட ஊர்ல சொல்லுவாங்க. அதனால மூணு பேரும் ஒண்ணா வளர்ந்து, ஒண்ணா மேல வந்தாங்கன்னு நினைச்சுக்கிறோம். அப்படி இல்ல. வோரலும் வால்காட்டும் கோம்பர்மியர் பள்ளியில படிச்சாங்க, வால்காட் அப்புறம் ஹாரிசன் காலேஜ். பார்படாஸ்ல அந்தப் பெரிய பள்ளிகளோட அணிகள், பெரியவங்க ஆடுற முதல் டிவிஷன்லயே ஆடும். அதனால வால்காட் 16 வயசுல பார்படாஸுக்கு ஆடிட்டாரு. பள்ளிக்கூட வாசலே கிரிக்கெட் வாசல்.

வீக்ஸுக்கு அந்த வாசல் கிடையாது. கென்சிங்டன் பக்கத்துல வெஸ்ட்பரி, அங்க ஒரு சின்ன மர வீடு. எட்டு வயசுல அப்பா டிரினிடாட் எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போயிட்டாரு, திரும்பி வந்தது 11 வருஷம் கழிச்சு. அம்மாவும் சித்தியும்தான் வளர்த்தாங்க. செயின்ட் லெனர்ட்ஸ் பள்ளிக்கூடம், 14 வயசுல படிப்பு நின்னுபோச்சு. எவர்டன்கிற பேரே அப்பா ரசிச்ச இங்கிலாந்துக் கால்பந்து கிளப்போட பேருதான். பின்னாடி இதை இங்கிலாந்து பவுலர் ஜிம் லேக்கர்கிட்ட சொன்னப்போ, நல்ல வேளை உங்க அப்பா வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப் ரசிகரா இல்லைன்னு லேக்கர் சொன்னாராம்.

பையன் என்ன பண்ணினாரு? கென்சிங்டன் மைதான ஆட்களுக்கு எடுபிடி வேலை. ஆட்டம் நடக்கிறப்போ ஆள் குறைஞ்சா மாற்று ஃபீல்டர். அதுக்குக் கூலி, இலவசமா ஆட்டம் பாக்கலாம். பெரிய ஆட்டக்காரங்களைப் பத்து கஜத்துல நின்னு பாத்தாரு. ஆனா அந்த மைதானம் பிக்விக் கிளப்போடது. பிக்விக் வெள்ளைக்காரங்களுக்கான கிளப். வாண்டரர்ஸும் வெள்ளைக்காரங்களோடது. ஸ்பார்டன், நிறம் கொஞ்சம் வெளுத்த, வசதியான கலப்பினக் குடும்பங்களுக்கு. எம்பயர், படிச்சு நல்ல வேலையில இருந்த கறுப்பர்களுக்கு. கூலி வீட்டுப் பையனுக்கு இந்த நாலுலயும் இடம் கிடையாது. வீட்டு வாசல்ல நின்னா கேக்கிற தூரத்துல மைதானம், ஆனா உறுப்பினரா உள்ள போக முடியாது.

இந்த மாதிரிப் பசங்களுக்காக 1930-கள்ல பார்படாஸ் கிரிக்கெட் லீக்னு தனியா ஒண்ணு உருவாச்சு. மிச்சி ஹியூவிட் முன்ன நின்னு தொடங்கினது. கரடுமுரடான திடல்ல, சனிக்கிழமை வேலை முடிச்சு வந்து ஆடுறவங்க. வீக்ஸ் 13 வயசுல அங்க வெஸ்ட்ஷயர் அணியில சேர்ந்தாரு. ஆனா பார்படாஸ் அணிக்கு ஆள் எடுக்கிறவங்க பாக்கிறது அசோசியேஷன் ஆட்டங்களை, அதாவது அந்தப் பெரிய கிளப்புகளும் பள்ளிகளும் ஆடுற ஆட்டங்களைத்தான்.

அப்ப எந்த வாசல் வழியா வந்தாரு? ராணுவம். 1943-ல பார்படாஸ் ரெஜிமென்ட்ல சேர்ந்தாரு, லான்ஸ் கார்ப்போரல், 1947 வரைக்கும். போர்முனைக்குப் போகல. ஆனா ராணுவத்துல இருந்ததால காரிசன் கிளப்புக்கு ஆடத் தகுதி வந்துச்சு, அது அசோசியேஷன் ஆட்டங்கள்ல ஆடுற அணி. சீருடை போட்ட அன்னைக்குத்தான் கதவு திறந்துச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள, 1945 பிப்ரவரியில, 20 வயசு நிறைய ரெண்டு நாள் இருக்கிறப்போ பார்படாஸுக்கு முதல் ஆட்டம், டிரினிடாட்ல. 0, 8. அந்த மோசமான தொடக்கம் கூட ஒரு பாக்கியம்தான், ஏன்னா அந்த ரெண்டு இன்னிங்ஸ் ஆடவே ஒரு போர் வரவேண்டியிருந்துச்சு.

பார்படாஸ்லேருந்து பின்னாடி வந்த பெரிய ஆல்ரவுண்டர் கேரி சோபர்ஸும் இதே கதைதான். லீக்ல ஆடிக்கிட்டிருந்த பையனை போலீஸ் அணிக்காரங்க பேண்டு வாத்தியக் குழுவுல ஊதுகொம்பு ஊதுறவனாச் சேர்த்துக்கிட்டாங்க. அப்படித்தான் அவரு அசோசியேஷன் ஆட்டத்துக்குள்ள வந்தாரு. வீக்ஸுக்கு ராணுவச் சட்டை, சோபர்ஸுக்கு ஊதுகொம்பு. அதே தெருவுல சட்டையும் கிடைக்காம ஊதுகொம்பும் கிடைக்காம நின்னுபோன பசங்க எத்தனை பேருன்னு நினைக்கிறப்போ எனக்கு மனசு கனத்துப்போகுது.

இப்ப ஆட்டத்துக்கு வர்றேன். வீக்ஸ் உயரம் குறைவு, அடி பலம். 48 டெஸ்ட்ல அவரு அடிச்ச சிக்ஸர் எத்தனை தெரியுமா? ரெண்டே ரெண்டு. 4455 ரன்ல ரெண்டு சிக்ஸர். அடிக்கத் தெரியாம இல்ல. பந்து தரையோட போனா ஃபீல்டரால தடுக்க முடியும், பிடிக்க முடியாதுங்கிறதை அவரு மாதிரி கடைசிவரைக்கும் கடைப்பிடிச்சவங்க குறைவு.

அது எப்படி நடக்குதுன்னு பாருங்க, பந்து ஆடுற பசங்க கவனிங்க. மேல பிடிக்கிற கை இறுக்கமா இருக்கணும், கீழ் கை தளர்வா. கீழ் கை முந்தினா பந்து மேல எழும்பும். டிரைவ் ஆடுறப்போ தலை பந்துக்கு மேல வந்திருக்கணும், பந்து கண்ணுக்குக் கீழ வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஒரு சாண் முன்னாடி தொட்டா காத்துல போகும். கட் அடிக்கிறப்போ பந்து எழும்பி வந்த உயரத்துக்கு மேலேருந்து மட்டை இறங்கணும், அடியிலேருந்து வெட்டினா கல்லி ஃபீல்டர் கையிலதான். ஹூக்ல பட்ட கணமே மணிக்கட்டைப் புரட்டணும். இதெல்லாம் வீக்ஸுக்கு பேக் ஃபுட்ல வந்துச்சு. சீக்கிரமே பின்னாடி போயிடுவாரு, அதனால அவருக்கு மட்டும் நேரம் கூடுதலா இருக்கிற மாதிரி தெரியும்.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் மைதானத்துல 1954 வரைக்கும் சணல் மேட்டிங் விரிச்சுத்தான் ஆட்டம். மேட்டிங்கை முளை அடிச்சு விறைப்பா இழுத்துக் கட்டினா பந்து ஒரே சீரா, உயரமா எழும்பும். தொய்வா விட்டா நின்னு, பிடிச்சுத் திரும்பும். சீரா எழும்புற பந்து பேக் ஃபுட் ஆட்டக்காரருக்கு விருந்து. அங்க வீக்ஸ் இந்தியாவுக்கு எதிரா 207, 161, இங்கிலாந்துக்கு எதிரா 206. ஆனா அதே மேட்டிங் சுழலுக்கும் உதவும். அந்த 1953 தொடர்ல நம்ம சுழல் பவுலர் சுபாஷ் குப்தே 27 விக்கெட் எடுத்தாரு. 716 ரன் எடுத்தவரும் 27 விக்கெட் எடுத்தவரும் ஒரே தொடர்ல எதிரெதிரே நின்னதால, அந்தத் தொடர் எனக்கு 1948-49-ஐவிட ஒரு படி மேல.

அப்புறம் பேகப், இங்கிலாந்துல லங்காஷயர்ல ஒரு ஊர். வீக்ஸ் இங்கிலாந்து லங்காஷயர் லீக்ல கத்துக்கிட்டு வந்துதான் அந்த அஞ்சு சதம் அடிச்சாருன்னு சிலர் எழுதுறாங்க. தேதி ஒத்துவராது. இந்தியச் சுற்றுப்பயணம் முடிஞ்சது 1949 பிப்ரவரி. பேகப் கிளப்ல சேர்ந்தது அந்தக் கோடையில. ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பளம் வாங்கிற ஆட்டக்காரர் ஒருத்தர்தான், மத்தவங்க மில் தொழிலாளி, கடைக்காரர். சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். சம்பள ஆட்டக்காரர் அம்பது அடிச்சா மைதானத்தைச் சுத்தி வசூல் போகும், அந்தக் காசு அவருக்கு. பேகப் மலையடிவார ஊர், குளிர். வீக்ஸ் எப்பவும் ஒரு கனமான ராணுவ ஓவர்கோட்டோடதான் திரிவாராம். பக்கத்துல ராட்க்ளிஃப்ல வோரல், பிறகு என்ஃபீல்டுல வால்காட். வாரநாள்ல மூணு பேரும் சேர்ந்து உக்காந்து பேசி, பியானோ வாசிச்சு, ஊர் நினைப்பை ஆத்திக்குவாங்க. 1951-ல மட்டும் வீக்ஸ் அந்த லீக்ல 1518 ரன். அந்தச் சாதனை 40 வருஷம் நின்னுச்சு.

பேகப் கத்துக்குடுத்தது 1950-ல தெரிஞ்சுது. மூடாத பிட்ச், ஈரம், பந்து கடைசி நேரத்துல விலகும். அதுல ஒரு கோடை முழுக்க ஆடிட்டு வந்தவரு, அந்தச் சுற்றுப்பயணத்துல எல்லா முதல்தர ஆட்டமும் சேர்த்து 2310 ரன், சராசரி 79.65. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிரா ஆட்டமிழக்காம 304.

90-ன்னு சொன்னதும் இன்னொரு 90 ஞாபகம் வருது. 1957 லார்ட்ஸ். வெஸ்ட் இண்டீஸ் முதல் இன்னிங்ஸ்ல 127-க்குச் சுருண்டாங்க, கடைசியில இன்னிங்ஸ் தோல்வி. பந்து கண்டபடி எழும்புற பிட்ச், விரல் எலும்பு முறிஞ்ச நிலைமை. அதுல ரெண்டாவது இன்னிங்ஸ்ல 90. என்னைக் கேட்டா, சேப்பாக்கம் 90-ஐவிட, ஏன், அந்த அஞ்சு சதத்துல மூணைவிட அதுதான் பெரிசு. அதுக்கு யாரும் வருத்தப்படுறதில்ல, ஏன்னா அது எந்த வரிசையிலயும் இல்ல.

1958-ல, 33 வயசுல, அந்தத் தொடைக் காயத்தோட தொந்தரவால டெஸ்ட் கிரிக்கெட்டை விட்டாரு. பிறகு பார்படாஸ் அரசாங்கத்துல விளையாட்டு அதிகாரி, 1979 உலகக் கோப்பையில கனடா அணிக்குப் பயிற்சியாளர், பார்படாஸுக்காக சீட்டாட்டத்துல பிரிட்ஜ் ஆடினவரு, 1994-ல மேட்ச் ரெஃப்ரீ, 1995-ல சர் பட்டம். 2020 ஜூலை 1-ம் தேதி, 95 வயசுல காலமானாரு. கேவ் ஹில் பல்கலைக்கழக வளாகத்துல மூணு டபிள்யூ ஓவல் மைதானத்துக்குப் பக்கத்துல வோரல் 1967-லயே அடக்கம் ஆகியிருந்தாரு. 2006-ல வால்காட். வீக்ஸையும் அங்கேயேதான் வெச்சாங்க. கென்சிங்டன் ஓவல்ல இப்ப ஒரு பார்வையாளர் மாடத்துக்கு அந்த மூணு பேரோட பேருதான். சின்ன வயசுல டிக்கெட்டுக்குப் பதிலா ஃபீல்டிங் பண்ணி உள்ள போன அதே மைதானம்.

மதுரை நேயரே, தாத்தா சேப்பாக்கத்துல எந்தப் பக்கம் உக்காந்து அந்த ஆட்டத்தைப் பாத்தாருன்னு கேட்டு எழுதுங்க. ரன் அவுட் நடந்த முனைக்கு நேர் பக்கவாட்டுல இருந்தாருன்னா, அம்பயரைவிட நல்ல கோணம் அவருக்குத்தான் கிடைச்சிருக்கும். அடுத்த தடவை ரங்காச்சாரி.